ஃபார்முலா தெரியும், கணக்குத்தான் வரவில்லை: ஆற்றல், இயக்கக் கணக்குகளை எப்படி அணுகுவது?

கேள்வி: இயக்கச் சமன்பாடுகள் மூன்றும் மனப்பாடம். வேலை, இயக்க ஆற்றல், நிலை ஆற்றல் எல்லாம் வகுப்பில் கேட்கும்போது புரிகிறது. வீட்டுப்பாடம் என்று உட்கார்ந்தால் எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்றே தெரியவில்லை. விடையைப் பார்த்தால் "அட, இவ்வளவுதானா" என்று இருக்கிறது. உதாரணத்துக்கு ஒன்று: செங்குத்தாக நிற்கும் ஒரு சுருள்வில்லின் மேல்முனைக்கு 1 மீட்டர் மேலிருந்து 2 கிலோ கட்டை விழுகிறது. சுருள்வில் மாறிலி 800 நியூட்டன்/மீட்டர். வில் அதிகபட்சம் எவ்வளவு அமுங்கும்? எனக்கு 0.22 மீட்டர் வருகிறது. புத்தகத்தில் 0.25 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் சுருள்வில் கணக்கைக் கடைசியில் பார்க்கலாம். அதில் விட்டுப்போனது ஒரே ஒரு சின்ன விஷயம்தான். ஆனால் அது ஏன் விட்டுப்போகிறது என்பதைப் பிடித்துவிட்டால் இந்தப் பாடத்தின் மற்ற கணக்குகளும் வழிக்கு வரும்.

பல வருடங்களாக இந்தப் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்துகிறேன். தப்பாகப் போகும் விடைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வரியிலேயே தடம் மாறியிருக்கும். முதல் வரியில் கொடுக்கப்பட்ட எண்கள் வரிசையாக இருக்கும். இரண்டாவது வரியில், அந்த எண்கள் எல்லாம் எந்த ஃபார்முலாவுக்குள் அடங்குமோ அந்த ஃபார்முலா இருக்கும். இடையில் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரியைக் காணோம்: எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரைக்கும் இந்தக் கணக்கு? பொருள் முதலில் எங்கே, என்ன வேகத்தில் இருந்தது? முடிவில் எங்கே, என்ன வேகத்தில் இருக்கிறது? இதை நோட்டில் இரண்டு சின்னப் படங்களாக வரைந்த பிறகுதான் ஃபார்முலாவைத் தொட வேண்டும். நான் கீழே சொல்வது எல்லாமே இந்த இரண்டு படங்களைச் சுற்றித்தான்.

சமன்பாடுகளைச் சொற்களிலேயே எழுதுகிறேன், நீங்கள் குறியீடாக மாற்றிக்கொள்ளுங்கள். ஈர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையில் 9.8க்கு அருகில், ஆனால் எண்கள் சுத்தமாக வந்தால் யோசனை தெளிவாகத் தெரியும். சில புத்தகங்களில் ஆற்றலைச் சக்தி என்றும், நிறையைத் திணிவு என்றும், முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் வேறு, விஷயம் ஒன்றே.

முதலில் ஒரு பந்து. 20 மீட்டர் உயரமுள்ள மாடியின் விளிம்பிலிருந்து அதை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன?

"எந்தப் பக்கமாக எறிந்தார்கள் என்று சொல்லவே இல்லையே" என்று உங்களுக்கு உடனே தோன்றியிருந்தால் நல்ல அறிகுறி. வேடிக்கை என்னவென்றால், சொல்லத் தேவையே இல்லை. தொடக்கப் படத்தில் உயரம் 20 மீட்டர், வேகம் 15. முடிவுப் படத்தில் உயரம் பூஜ்யம், வேகம் தெரியாது. இடையில் பந்தின் மேல் வேலை செய்வது புவியீர்ப்பு மட்டும். எனவே தொடக்கத்தில் இருந்த மொத்த ஆற்றல் முடிவிலும் அப்படியே இருக்க வேண்டும்.

½ × நிறை × (முடிவு வேகம்)² = ½ × நிறை × 15² + நிறை × 10 × 20

நிறை எல்லா உறுப்பிலும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. இரண்டால் பெருக்கினால், (முடிவு வேகம்)² = 225 + 400 = 625. வேகம் 25 மீ/வி. மேல்நோக்கி எறிந்தாலும், கிடையாக எறிந்தாலும், நேராகக் கீழே வீசினாலும் அதே 25தான்.

சரி, கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம். தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது ஆற்றல் சமன்பாட்டைப் பாருங்கள், அதில் நேரம் என்ற சொல்லே கிடையாது. எவ்வளவு புரட்டினாலும் அதிலிருந்து வினாடி வராது. இயக்கச் சமன்பாடுகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே திசை தெரிந்தாக வேண்டும். மேல்நோக்கி எறிந்தால், மேல்திசையை நேர்க்குறி என்று வைத்து, 15 − 10 × நேரம் = −25. நேரம் 4 வினாடி. கிடையாக எறிந்தால் செங்குத்துத் திசையில் தொடக்க வேகம் இல்லை. 20 = 5 × நேரம்², ஆக 2 வினாடி. கீழ்நோக்கி வீசினால் 15 + 10 × நேரம் = 25, ஆக 1 வினாடி. மூன்று பந்துக்கும் ஒரே 25, நேரம் மட்டும் 4, 2, 1. கிடையாக எறிந்த பந்தை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்: 2 வினாடி முடிவில் கீழ்நோக்கிய வேகம் 20, கிடைவேகம் அதே 15. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 25.

இந்த ஒரு கணக்கிலேயே உங்கள் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. ஆற்றல் முறைக்கு நேரமும் தெரியாது, திசையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு நிலைகள், அவற்றின் உயரம், வேகத்தின் அளவு, இடையில் நடந்த வரவு செலவு, அவ்வளவுதான். இயக்கச் சமன்பாடுகளுக்கு நேரமும் திசையும் தெரியும். ஆனால் முடுக்கம் வழிநெடுக மாறாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றுக்கு உண்டு. ஆகவே கேள்வியில் "எத்தனை வினாடி கழித்து" என்று வந்தால் இயக்கச் சமன்பாடு. நேரத்தைப் பற்றிப் பேச்சே இல்லாமல் உயரம், தூரம், வேகம், சுருள்வில், உராய்வு என்று வந்தால் ஆற்றல். பத்தில் எட்டு வீட்டுப்பாடக் கணக்குக்கு இந்தத் தேர்வே போதும்.

அந்த முடுக்க நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுருள்வில் ஒரு கட்டையைத் தள்ளுகிறது, விடுபடும்போது வேகம் என்ன என்று ஒரு கணக்கு. முழுதாக அமுங்கிய நிலையில் விசை எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதை நிறையால் வகுத்து, கிடைத்த முடுக்கத்தை மூன்றாவது இயக்கச் சமன்பாட்டில் போடுவார்கள். வில் விரிய விரிய விசை குறைந்துகொண்டே வந்து கடைசியில் பூஜ்யமாகிறது. அதிகபட்ச விசையே கடைசி வரை இருந்ததாக வைத்துக்கொண்டால் இயக்க ஆற்றல் சரியாக இரண்டு மடங்காக வரும், வேகம் √2 மடங்கு அதிகமாக வரும். விடைத்தாளில் 1.4 மடங்கு பிழை தென்பட்டால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

சொல்லப்போனால் அந்த மூன்றாவது சமன்பாடும் ஆற்றல் சமன்பாடும் வேறு வேறு அல்ல. முடிவு வேகம்² = தொடக்க வேகம்² + 2 × முடுக்கம் × தூரம். இதை நிறையால் பெருக்கி இரண்டால் வகுங்கள். இடப்பக்கத்தில் முடிவு இயக்க ஆற்றல், வலப்பக்கத்தில் தொடக்க இயக்க ஆற்றலோடு விசை × தூரம், அதாவது வேலை. மாறாத விசைக்கு எழுதிய வேலை-ஆற்றல் தேற்றம்தான் அது. மூன்று சமன்பாடுகளில் இது ஒன்றில்தான் நேரம் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

வேகத்துக்கு ஏன் வர்க்கம் என்ற கேள்வியையும் இங்கேயே தொட்டுவிடலாம், ஏனென்றால் "வேகம் இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்கு" என்று கை தானாக எழுதிவிடுகிறது. 1720-களின் தொடக்கத்தில் டச்சு அறிவியலாளர் வில்லெம் கிராவசாண்டே உலோகக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆழத்துக்கு இறங்கியது. இயக்கத்தின் உண்மையான அளவு நிறை × வேகமா, நிறை × வேகம்² ஆ என்று அறிஞர்கள் கட்சி பிரித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்தச் சோதனையை எடுத்துக்கொண்டு வர்க்கத்தின் பக்கம் வலுவாக வாதாடியவர்களில் பிரான்சின் எமிலி து சாத்லேயும் ஒருவர். (இரண்டு கட்சியும் ஒருவகையில் சரிதான். ஒன்று உந்தம், இன்னொன்று ஆற்றல். அது தெளிவாகப் பிறகு நாளாயிற்று.) களிமண்ணுக்குப் பதில் பிரேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி பிரேக் பிடித்த இடத்திலிருந்து 10 மீட்டரில் நிற்கிறது என்றால், அதே பிரேக் விசையில் 72 கிலோமீட்டருக்கு 20 மீட்டர் போதாது, 40 வேண்டும்.

அடுத்தது சாய்தளம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் பாடத்தில் செய்யக்கூடிய எல்லாத் தவறும் இந்த ஒரே கணக்கில் செய்யலாம்.

2 கிலோ கட்டை. கிடைத்தளத்தோடு 37 பாகை சாய்ந்த சரிவு, நீளம் 5 மீட்டர். சரிவில் உராய்வுக் குணகம் 0.25. மேல்முனையில் அசைவில்லாமல் விடப்பட்ட கட்டை கீழே வந்து, உராய்வே இல்லாத சமதளத்தில் ஓடி, கிடையாகப் பொருத்தியிருக்கும் ஒரு சுருள்வில்லில் மோதுகிறது. மாறிலி 2000 நியூட்டன்/மீட்டர். வில் எவ்வளவு அமுங்கும்? 37 பாகைக்கு சைன் 0.6, கொசைன் 0.8 என்று எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கப் படம்: கட்டை மேலே, ஓய்வில். முடிவுப் படம்: வில் முழுதாக அமுங்கிய கணம், கட்டை அந்த நொடியில் ஓய்வில். இரண்டு பக்கமும் வேகம் பூஜ்யம்! அப்படியானால் இயக்க ஆற்றலே இந்தக் கணக்கில் வேண்டாம். மளிகைக் கணக்கு போடுவது போல வரவு, செலவு, மீதி என்று எழுதுங்கள். வரவு: உயரம் 5 × 0.6 = 3 மீட்டர், எனவே 2 × 10 × 3 = 60 ஜூல். செலவு: சரிவு கட்டையைத் தாங்கும் செங்குத்து விசை (சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக) 20 × 0.8 = 16 நியூட்டன். உராய்வு அதில் கால் பங்கு, 4 நியூட்டன். அது 5 மீட்டர் தூரம் இழுத்துப் பிடித்ததால் 20 ஜூல் வெப்பமாகப் போயிற்று. மீதி 40 ஜூல். அது முழுக்க வில்லுக்குள் போக வேண்டும், ½ × மாறிலி × அமுக்கம்² என்ற ஆற்றலாக.

½ × 2000 × அமுக்கம்² = 40

அமுக்கம்² = 0.04, அமுக்கம் 0.2 மீட்டர். சரிவின் அடியில் வேகம் என்ன என்று ஒருமுறைகூட நமக்குத் தேவைப்படவில்லை. பலர் அதைக் கண்டுபிடித்து, √40 என்பதை 6.3 என்று சுருக்கி, மறுபடி வர்க்கப்படுத்தி, 39.7 ஜூல் என்று எங்கேயோ போய் நிற்பார்கள். கேட்காததைக் கண்டுபிடிக்காதீர்கள்.

இதில் தவறு நுழையும் இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, உராய்வை 20 × 0.25 = 5 நியூட்டன் என்று எழுதுவது. உராய்வு பார்ப்பது எடையை அல்ல, தளம் கட்டையை எவ்வளவு அழுத்தித் தாங்குகிறது என்பதை. சரிவில் அது எடையைவிடக் குறைவு. அடுத்தது, உராய்வு விசையை 3 மீட்டரால் பெருக்குவது. புவியீர்ப்புக்கு உயரம்தான் கணக்கு, உராய்வுக்கு நடந்த பாதை முழுவதும் கணக்கு. இந்த வேறுபாடுதான் ஒன்றுக்கு நிலை ஆற்றல் என்ற பெயரைக் கொடுக்கிறது, மற்றதற்குக் கொடுக்க மறுக்கிறது. பாதை எப்படிப் போனாலும் ஈர்ப்பு கொடுத்ததைத் திருப்பி வாங்கலாம், உராய்வு எடுத்தது திரும்பாது. மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது: ஈர்ப்பை இரண்டு முறை எழுதுவது. நிலை ஆற்றல் என்று 60 ஜூலை வரவில் சேர்த்துவிட்டு, "ஈர்ப்பு விசை செய்த வேலை" என்று இன்னொரு 60ஐயும் சேர்ப்பார்கள். நிலை ஆற்றல் என்பதே ஈர்ப்பு செய்யும் வேலைக்கு நாம் வைத்த இன்னொரு பெயர். ஏதாவது ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

வில் கட்டையைத் திருப்பித் தள்ளுமே, அது சரிவில் எவ்வளவு தூரம் ஏறும்? கையில் 40 ஜூல். சரிவில் ஒவ்வொரு மீட்டர் ஏறுவதற்கும் உயரத்துக்காக 20 × 0.6 = 12 ஜூல், உராய்வுக்காக 4 ஜூல், ஆக 16 ஜூல் செலவு. 40ஐ 16ஆல் வகுத்தால் 2.5 மீட்டர். அங்கிருந்து மறுபடி இறங்கும்போது மீட்டருக்கு 12 வரவு, 4 செலவு, நிகரம் 8. கீழே வரும்போது 20 ஜூல். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் சரிபாதியாகிறது: 40, 20, 10, 5 என்று. கடைசியில் கட்டை சரிவில் மொத்தம் எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று யாராவது கேட்டால் முடிவில்லாத தொடரைக் கூட்ட வேண்டியதில்லை. தொடக்கத்தில் இருந்த 60 ஜூலும் கடைசியில் உராய்வுக்கே போகிறது, உராய்வு மீட்டருக்கு 4 ஜூல் தின்கிறது, ஆக 15 மீட்டர். தொடரைக் கூட்டியும் பாருங்கள், அதேதான் வரும். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். வகுப்பில் போட்டால் ஒருவராவது சிரிப்பார்.

வேலையே செய்யாத விசைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. இயக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கும் விசை ஆற்றல் கணக்கில் வராது. அசையாத சரிவு தரும் செங்குத்து விசை, ஊசல் கயிற்றின் இழுவிசை இரண்டும் அந்த வகை.

ஆனால் வேலை செய்யாத அந்த விசையையே கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குகள் உண்டு. கயிற்றில் கட்டிய குண்டைக் கிடையாகத் தூக்கிப் பிடித்து விடுகிறோம், அடியில் வரும்போது கயிற்றின் இழுவிசை என்ன? ஆற்றல் வேகத்தைக் கொடுக்கும்: வேகம்² = 2 × 10 × கயிற்றின் நீளம். அதற்கு மேல் ஆற்றலால் உதவ முடியாது. அடிப்புள்ளியில் விசைகளை எழுதி வட்ட இயக்கத்துக்குத் தேவையான மையநோக்கு விசையோடு சமன் செய்தால் இழுவிசை எடையைப் போல மூன்று மடங்கு வரும், கயிறு எவ்வளவு நீளமாக இருந்தாலும். செங்குத்து வட்டத் தடத்தில் உராய்வின்றி வழுக்கும் கட்டை உச்சியில் தடத்தை விட்டு விலகாமல் இருக்க எந்த உயரத்திலிருந்து விட வேண்டும் என்ற புகழ்பெற்ற கேள்வியும் இதே ஜாதி. "விலகாமல்" என்பது விசை பற்றிய சொல், "உயரம்" என்பது ஆற்றல் பற்றிய சொல், எனவே இரண்டும் தேவை. விடை ஆரத்தைப் போல 2.5 மடங்கு. கேள்வியில் "விலகாமல்", "அறுந்துபோகாமல்", "குறைந்தபட்சம்" போன்ற சொற்களைக் கண்டால் ஆற்றலோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது ஆற்றல் முறை நேராகக் காலை வாரிவிடும் இடம்: மோதல். 10 கிராம் தோட்டா ஒன்று வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வந்து, கயிற்றில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டையில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? தோட்டாவின் இயக்க ஆற்றல் ½ × 0.01 × 160000 = 800 ஜூல். அது முழுக்க உயரமாக மாறுகிறது என்று எழுதினால், மொத்த எடை 20 நியூட்டன், உயரம் 40 மீட்டர்! மரக்கட்டை பத்து மாடிக்கு மேல் பறக்கிறது. இந்த விடையை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே இரண்டு படம் போதாது, மூன்று வேண்டும்: பாய்வதற்கு முன், பாய்ந்த உடனே, உச்சியில். முதல் படத்திலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது மரம் கிழிந்து சூடாகிறது. எவ்வளவு ஆற்றல் போனது என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் உந்தம் மாறாது: 0.01 × 400 = 2 × வேகம், ஆக 2 மீ/வி. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இழப்பு இல்லை, ஆற்றல் முறை செல்லும். ½ × 2² = 10 × உயரம், அதாவது 0.2 மீட்டர். பாய்ந்த பிறகு கையில் இருந்தது வெறும் 4 ஜூல். 800இல் 796 மரத்துக்குள்ளேயே போய்விட்டது. ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்கச் சொன்ன வழி இதுதான், தலைகீழாக: ஊசல் எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் குண்டின் வேகத்தைப் பிடித்தார். எனவே "ஒட்டிக்கொள்கிறது", "பதிகிறது", "சேர்ந்து நகர்கின்றன" என்று கேள்வியில் இருந்தால் அந்தக் கணத்துக்கு மட்டும் உந்தம், மற்றதற்கு ஆற்றல்.

அலகுகளைப் பற்றி உங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருப்பார்கள், அதனால் சுருக்கமாக: மணிக்குக் கிலோமீட்டரை 3.6ஆல் வகுங்கள், கிராமைக் கிலோவாக்குங்கள். சுருள்வில்லின் அமுக்கத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள். சென்டிமீட்டரை அப்படியே விட்டுவிட்டால் வர்க்கத்தினால் பிழை நூறு மடங்கு அல்ல, பத்தாயிரம் மடங்கு.

இன்னொரு பழக்கம் பலருக்குக் கசக்கும், ஆனால் நான் விடமாட்டேன்: எண்களைக் கடைசி வரை போடாமல் இருப்பது. மேலே சாய்தளத்தில் அடிவேகத்தைப் பொதுவாக எழுதினால், வேகம்² = 2 × ஈர்ப்பு முடுக்கம் × நீளம் × (சைன் − உராய்வுக் குணகம் × கொசைன்). எண் போடாமலேயே இதைச் சோதிக்கலாம். உராய்வு இல்லையென்றால் வெறும் உயரத்திலிருந்து விழுந்த வேகம் வருகிறது, சரி. சரிவு 90 பாகையானால் உராய்வு உறுப்பு மறைந்துபோகிறது, அதுவும் சரி. நிறை எங்கேயும் இல்லை, ஆக கனமான கட்டைக்கும் இதே வேகம். இடையிலேயே 2, 10, 3 என்று போட்டுப் பெருக்கிவிட்டால் இந்தச் சோதனை எதற்கும் இடமில்லை.

அப்புறம் வேகம்² எதிர்மறையாக வந்தால் பதறி அழிக்காதீர்கள். 15 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து 12 மீட்டர் உயரத்தில் என்ன வேகத்தில் இருக்கும்? 225 − 240 = −15. கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. பந்து அந்த உயரத்துக்கு வரவே வராது என்று கணக்கு சொல்கிறது. அதன் உச்சமே 11.25 மீட்டர்தான்.

சரி, உங்கள் சுருள்வில். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது: 2 × 10 × 1 = 20 ஜூல், ½ × 800 × அமுக்கம்² = 20, அமுக்கம்² = 0.05, அமுக்கம் 0.22. இரண்டு படத்தையும் இப்போது வரைந்து பாருங்கள். தொடக்கத்தில் கட்டை வில்லின் முனைக்கு 1 மீட்டர் மேலே. முடிவில் கட்டை எங்கே? வில்லின் பழைய முனையில் அல்ல, அமுங்கிய அளவுக்கு அதற்கும் கீழே. ஆக அது இறங்கிய மொத்த உயரம் 1 + அமுக்கம். வில்லைத் தொட்டதோடு புவியீர்ப்பு வேலையை நிறுத்திவிடவில்லை, அமுங்கும்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. முடிவுப் படத்தை வரையாமல் "விழுந்த உயரம் 1 மீட்டர்" என்ற எண்ணைக் கேள்வியிலிருந்து அப்படியே எடுத்ததுதான் தவறு. சாய்தளக் கணக்கில் வில் கிடையாக இருந்ததால் இந்தச் சிக்கல் அங்கே எழவில்லை. அதைப் பார்த்து இதையும் அப்படியே செய்யத் தோன்றும்.

20 × (1 + அமுக்கம்) = 400 × அமுக்கம்²

20ஆல் வகுத்து ஒரு பக்கம் கொண்டுவந்தால் 20 × அமுக்கம்² − அமுக்கம் − 1 = 0. இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தில் போட்டால் √81 வரும், அதாவது (1 ± 9)/40. ஒரு விடை 0.25. விட்டுப்போன ஈர்ப்பு வேலை 20 × 0.25 = 5 ஜூல். வில்லில் சேர்ந்தது 20 அல்ல, 25.

இன்னொரு விடை −0.2. "எதிர்மறை, தள்ளிவிடு" என்று எல்லோரும் அடித்துவிடுவார்கள். உங்கள் கேள்விக்கு அது சரியே, ஆனால் அது குப்பை இல்லை. கட்டை வில்லைத் தொட்டதும் அதோடு ஒட்டிக்கொண்டதாக நினையுங்கள், வில்லுக்கு நிறையே இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே 0.25 போய் நின்ற கட்டை திரும்ப மேலே வந்து, வில்லை அதன் இயல்பு நீளத்துக்கு மேல் 0.2 மீட்டர் இழுத்த நிலையில் மறுபடி ஒரு கணம் நிற்கும். அந்த −0.2 அதுதான். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுப்புள்ளி எது என்று பாருங்கள்: 0.025 மீட்டர். வில்லின் விசை எடைக்குச் சமமாகும் இடமும் அதுதான், 20ஐ 800ஆல் வகுத்தால் 0.025. கட்டை மிக வேகமாக இருப்பதும் அங்கேதான், வில்லைத் தொடும் கணத்தில் அல்ல. தொடும்போது வேகம்² 20, ஆக 4.47 மீ/வி. இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கிய பிறகு எவ்வளவு என்று நீங்களே ஆற்றல் கணக்குப் போட்டுப் பாருங்கள், சுத்தமாக 4.5 வரும்.